இளவரசனுக்கு ரெண்டு கையும் சும்மா இருந்தது

பெரியவளே, சின்னவனே, ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். வாயால் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த விஷயத்தை ஆரம்பித்தாலே எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. உங்கள் அம்மா "பக்கத்து வூட்ல கேக்குது" என்பாள். அதோடு பேச்சு நின்றுவிடும். தாளில் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன். பத்தாவதும் அதற்கு மேல் ஐடிஐயும் படித்தவன் எழுத்து இது. தப்பு இருந்தால் பெரியவள் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

பெரியவளே, அன்றைக்குச் சாயங்காலம் நீ மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று அந்த இங்கிலீஷ் நாடகப் பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வேலையிலிருந்து வந்த சட்டையோடு படியேறி வந்து, உன் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக் கசக்கினேன். "இனிமே இந்த எழவு பேச்சு இந்த ஊட்ல கேக்கக் கூடாது" என்று கத்தினேன். நீ தொட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றாய். மறுநாள் பள்ளிக்கூடத்தில் போட்டியிலிருந்து பேரை எடுத்துவிட்டு வந்தாய். ஏன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் கத்தினது உன்மேல் இருந்த கோபத்தில் இல்லை. யார் மேல் என்று சொல்லத்தான் இவ்வளவு தாள்.

அந்தப் பேச்சு நம் வீட்டுக்கு வந்த விதத்திலிருந்தே சொல்கிறேன். ஆண்டு விழா நடிப்புப் போட்டிக்கு உன் இங்கிலீஷ் மிஸ் ஒரு பக்கத் தாள் கொடுத்து அனுப்பினார்கள். உலகமெல்லாம் தெரிந்த நாடகமாம், அதில் எல்லாவற்றையும்விட அதிகம் பேர் மனப்பாடம் செய்த பேச்சாம். நீ ஹாலில் நடுவில் நின்று ஆரம்பித்தாய். மிஸ் சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சில் கை வைத்து, கண்ணை ஃபேனுக்குத் தூக்கி. அம்மா விளக்கேற்றத் தீக்குச்சி உரசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அது, இழவு வூட்ல அழுவுற மாரி?"

"ஒரு இளவரசன் உயிரோட இருக்கிறதா, செத்துப் போறதான்னு யோசிக்கிறான்மா."

அம்மா குச்சியை ஊதி அணைத்துவிட்டாள். "வெளக்கு வைக்கிற நேரத்துல பேசுற பேச்சாடி இது? போ, மாடிக்குப் போ. சாமி காதுல விழப் போவுது."

இப்படித்தான் அந்த இளவரசன் நம் மொட்டை மாடிக்கு ஏறினான். ஒப்பிக்க வைக்க நான் தாளைப் பிடித்துக்கொண்டு கூட வந்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். நீ ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொன்னாய், நான் கேட்டேன்.

முதல் நாளே எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. அப்பாவைப் பறிகொடுத்தவனாம், சரி. துக்கம் இருக்கும். அதற்காகத் துணிக்கடையில் எடுக்கலாமா வேண்டாமா என்று புடவையைத் தடவிப் பார்க்கிற மாதிரி உயிரைத் தடவிப் பார்ப்பானா ஒருத்தன்? என் அப்பா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினேழாம் நாள் நான் முதல் ஷிப்டில் நின்றேன். எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. வந்திருந்தால் எங்கே நிறுத்தி வைத்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

ரெண்டாம் நாள் நீ நடுப்பகுதியைச் சொன்னாய். மனுஷன் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டு உயிரை வைத்திருக்கிறான் என்று அவன் ஒரு பட்டியல் போடுகிறான். வலுத்தவன் செய்கிற அநியாயம், இழுத்துக்கொண்டே போகிற கேஸ், ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவனுடைய திமிர். அங்கே உன்னை நிறுத்தச் சொன்னேன்.

"இத்த யாரு சொல்றது? ராஜா வூட்டுப் புள்ளையா?"

"ஆமாப்பா."

"அவன் எந்த ஆபீஸ்ல போயி நின்னான்?"

நீ சிரித்துவிட்டாய். "அவன் நிக்கலப்பா. எழுதினவரு நின்னிருப்பாரு."

சின்னவன் பேரை ரேஷன் கார்டில் சேர்க்க நான் ஒரு ஆபீசுக்கு நாலு தடவை நடந்தேன். ஐந்தாம் தடவை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் தாளின் மேலேயே டிபன் டப்பாவை வைத்துத் திறந்தார். எலுமிச்சை சாதம். நான் அந்த வாசனையில் நின்றுகொண்டு "சார், மெதுவா சாப்பிடுங்க சார்" என்றேன். அன்றைக்கு என் வாயில் வராத வார்த்தை இந்தப் பயல் வாயில் இருக்கிறது. அதற்கும் எனக்குக் கோபம்தான். நம் வயிற்றெரிச்சலைக்கூட அவனைப் போல ஒருத்தன் வந்துதான் பேச வேண்டியிருக்கிறதா?

அப்புறம் அந்தக் கனவு விஷயம். சாவு தூக்கம் மாதிரி என்றால் பரவாயில்லை, அந்தத் தூக்கத்தில் கனவு வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று பயப்படுகிறான். இது எனக்குப் பிடித்தது. உங்கள் அம்மாவைக் கேளுங்கள், தூங்கும்போது என் கை, மெஷினில் தகடு வைக்கிற மாதிரி, போர்வை மேல் எடுத்து வைத்து எடுத்து வைத்துக்கொண்டே இருக்கும் என்பாள். செத்த பிறகும் அந்தக் கனவே வந்தால் நான் எங்கே போய் ராஜினாமா கொடுப்பது?

இனிமேல் என்னோடு வேலை பார்த்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டரவாக்கம் பக்கம் நான் இருந்த, இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் எனக்கு அடுத்த மெஷின் அக்காவுடையது. என்னைவிட ஆறேழு வயசு பெரியது. தினமும் வேப்பம்பட்டில் ரயில் ஏறி வரும். படித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது ரிஜிஸ்டரில் கைநாட்டுத்தான். நாற்பது வயசுக்கு மேல் தன் மகளிடம் உட்கார்ந்து பேர் எழுதக் கற்றுக்கொண்டது. அதற்கப்புறம் காலையில் ரிஜிஸ்டருக்கு முன் நின்றால் சீக்கிரம் நகராது. எழுத்தை ஒவ்வொன்றாக உட்கார வைக்கும். பின்னால் நிற்கிறவர்கள் "இன்னாக்கா, பத்திரம் எழுதுறியா?" என்பார்கள். "நில்லுடா, சுழி வரல" என்னும்.

டீ நேரத்தில் அக்காதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது.

"இன்னா தம்பி, மூஞ்சியத் தூக்கி வச்சிகினு கீற?"

"ஒண்ணுமில்லக்கா. பொண்ணு ஒரு நாடகம் படிக்குது. ஒரு ராஜா வூட்டுப் பையன் சாவலாமா இருக்கலாமான்னு தனியா நின்னு யோசிக்கிறான்."

"எங்க நின்னுகினு?"

"அரமனையில."

"ஆங், அதான பாத்தேன். எடம் கீது, நிக்கிறான். நானு அந்த மாரி யோசிக்கணும்னா எங்க போயி நிக்கிறது? வேப்பம்பட்ல ஏறுனா லேடீஸ் பொட்டில ஒரு காலு தான் கீழ கீது, இன்னொண்ணு எவ மேலயோ கீது. ஊட்டுக்குப் போனா ஒரே ரூம்பு. கக்கூஸ்ல ரெண்டு நிமிசம் ஆச்சுனா கதவத் தட்றாங்க."

டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அன்னிக்கு அவன் சோறு துன்னானா இல்லியா? அத்த கேளு உன் பொண்ண" என்றது.

நான் உன்னைக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நாடகத்தில் அது இல்லை என்றாய். மறுநாள் அக்காவிடம் "அது தெரியலியாம்க்கா" என்றேன்.

"அப்ப துன்னுட்டான்."

இப்போது மெஷினைப் பற்றிக் கொஞ்சம். பவர் பிரஸ் என்றால் மேலேயிருந்து ஒரு இரும்பு இறங்கி, கீழே வைத்த தகட்டை வெட்டியோ வளைத்தோ கொடுக்கும். அது இறங்க ரெண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும், ரெண்டு கையாலும். எதற்குத் தெரியுமா? ரெண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் ஒரு கையும் மெஷினுக்குள்ளே இருக்காது. அவ்வளவுதான் விஷயம். எவனோ ஒரு நல்லவன் யோசித்துச் செய்திருக்கிறான்.

ஆனால் ரெண்டு கையையும் பட்டனுக்குக் கொண்டுபோனால் எண்ணிக்கை வராது. மேனேஜர் கண்ணாடிக் கேபினிலிருந்து வந்து எண்ணிக்கை எழுதின போர்டைப் பார்ப்பார். நல்லவிதமாகத்தான் பேசுவார். வெளியூர்க்காரர், நூம்பல் பக்கம் புது ஃபிளாட் வாங்கியிருந்தார். "என்னங்க, ஸ்பீடு பத்தலையே" என்பார். அதனால் நாங்கள் சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒரு பட்டன் மேல் சின்னத் தகடு வைத்து, ரப்பரால் இறுக்கிச் சுற்றிவிடுவோம். அந்தப் பட்டன் எப்போதும் அமுங்கியே இருக்கும். ஒரு கை மற்ற பட்டனுக்கு, ஒரு கை தகடு வைத்து எடுக்க. பழைய மெஷின், அதற்கு வித்தியாசம் தெரியாது.

அந்த ரப்பரை அந்த ஷாப்பில் எல்லாரையும்விட நன்றாக வெட்டினவன் உங்கள் அப்பா. அரை அங்குலம் அகலம், நழுவாது, கிழியாது. என் பையில் எப்போதும் ஏழெட்டு இருக்கும். அஞ்சு மெஷினுக்கும் நான்தான் கட்டினேன். இதைப் பெருமையாகச் செய்தேன் என்று எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

போன ஆயுத பூஜைக்கு அஞ்சு மெஷினையும் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தோம். தகட்டை வெட்டுகிற டைக்கு, மோட்டாருக்கு, பட்டன் பெட்டிக்கு, எல்லாவற்றுக்கும். ரப்பரை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. கட்டின ரப்பரின் மேலேயே மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து நடுவில் பொட்டு வைத்தேன். அதுவும் ஆயுதம்தானே என்று நினைத்தேனோ என்னவோ. மேனேஜர் பட்டு வேட்டியில் வந்து பொரித் தட்டைப் பிடித்துக்கொண்டு அக்காவின் மெஷின் பக்கத்தில் நின்றார். போட்டோ எடுத்தோம். உங்கள் அம்மா அதை ரெண்டு நாள் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள்.

நான் உன் தாளைக் கசக்கினதற்கு முந்தின நாள் நீ எனக்கு ஒரு புது விஷயம் சொன்னாய். அந்த இளவரசன் தனியாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறான், ஆனால் ரெண்டு பெரிய மனுஷர்கள் ஒளிந்திருந்து கேட்கிறார்கள் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவதா வேண்டாமா என்று ஒருத்தன் தவிக்கிறான், பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கிறார்கள்! காலையில் அக்காவிடம் சொன்னேன். அக்கா தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த கேமராவைக் காட்டி, "நம்மளையும் தான் பாத்துகினு கீறானுங்க, நாம இன்னா பண்ணிட்டோம்?" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டு வந்து ஒரு மணி நேரம் இருக்கும். பக்கத்து மெஷினின் சத்தம் மாறியது. பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் முதுகில் தெரியும். திரும்பினேன். அக்காவின் சோத்துக் கை. ஆள்காட்டி விரல், நடு விரல். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

நான் அக்காவைப் பிடித்து உட்கார வைத்து என் துண்டைச் சுற்றினேன். மேனேஜர் கேபினிலிருந்து ஓடி வந்தார். வண்டியைக் கூப்பிடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கையில் பேப்பர் வெட்டுகிற பிளேடு இருந்தது. முதலில் அக்காவின் மெஷினில் கட்டியிருந்த ரப்பரை அறுத்தார். அப்புறம் என் மெஷின். அப்புறம் மற்ற மூன்று. அஞ்சையும் அறுத்துப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட பிறகுதான் போனை எடுத்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பிளேடு சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சட்டையில் ரத்தம் இருந்ததால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தேன். நீ கவனிக்கவில்லை. தெருமுனையிலேயே உன் குரல் கேட்டது. இருப்பதா போவதா என்று நீ கையை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு உன் ரெண்டு கைதான் தெரிந்தது. பத்து விரலும். அந்த இளவரசனுக்கும் ரெண்டு கையும் சும்மா இருந்தது, அதனால்தானே விரித்து விரித்துக் கேட்டான் என்று நினைத்தேன். நாங்கள் நிமிஷத்துக்குப் பத்து தடவை கையை உள்ளே விட்டு எடுத்தோம். பத்து தடவையும் அதே கேள்விதான், கேட்க மட்டும் நேரமில்லை. அந்தக் கோபத்தில்தான் தாளைப் பிடுங்கினேன்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். டைப் அடித்த தாள் ஒன்றை நகர்த்தினார். பாதுகாப்புப் பட்டனை அந்தத் தொழிலாளியே யாருக்கும் தெரியாமல் ரப்பரால் கட்டிக்கொண்டார், அவருடைய கவனக்குறைவே காரணம், இதை நான் நேரில் பார்த்தேன் என்று இருந்தது. கீழே என் பேர்.

"அக்கா கட்டல சார். நான்தான் கட்டினேன்."

"தெரியும்ங்க. கேமராவுல இருக்கு. உங்க கை தெளிவா தெரியுது." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஆமாம், என் கைதான். "இதுல கையெழுத்துப் போட்டா அது வெளிய வராது. போடலைன்னா உங்க மேலதான் கேஸ் திரும்பும். உங்களுக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்கு. நல்லதுக்குத்தான் சொல்றேன். திங்கட்கிழமை வரைக்கும் யோசிச்சுக்கோங்க."

நான் அங்கேயே முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. பேனாவைக் கையில் வாங்கினேன். மூடியைத் திறந்தேன். அப்புறம் "வீட்ல படிச்சிட்டு வரேன் சார்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ரெண்டு நாள் அது என் நெஞ்சின் மேலேயே இருந்தது. போட்டால் அக்கா தன் கையைத் தானே வெட்டிக்கொண்டதாக ஆகிவிடும், நஷ்டஈடு எதுவும் இல்லாமல் ஊமையாக வீட்டுக்குப் போகும். போடாவிட்டால் நான் வெளியே. போடுவதா வேண்டாமா, போடுவதா வேண்டாமா. யாரைக் கேலி செய்தேனோ அவன் மாதிரியே சனிக்கிழமை முழுக்க ஆவடி மார்க்கெட்டில் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் "இன்னா அண்ணாத்தே, வாங்கப் போறியா, வளக்கப் போறியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வாடா தம்பி. உன் ராஜா வூட்டுப் பையன் இன்னா முடிவு எடுத்தான்?"

சாத்துக்குடிப் பையை வைத்தேன். "அக்கா, நான் கட்டுனதால தான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா. உன் மேல கோவம் கீது. இல்லன்னு சொல்ல மாட்டேன். நானும் தான் இறுக்கிக் கட்டுடான்னு கேட்டேன், என் மேலயும் கீது." அப்புறம் இடது கையைத் தூக்கிக் காட்டியது. கட்டை விரலில் நீல மை. "நம்ம மேனேஜர் நேத்து வந்தாரு. ஏதோ ஃபாரம், ஆஸ்பத்திரிக்குத் தரணும்னாரு. கையெழுத்துப் போட முடியாதேன்னேன். பரவால்லம்மான்னு இத்தப் புடிச்சி அமுக்கிகினு போயிட்டாரு. பாத்தியா தம்பி? மறுபடியும் கைநாட்டு கேஸ் ஆயிட்டேன்."

அது சிரித்துக்கொண்டுதான் சொன்னது. சுழி வரும்வரை ஷிப்டையே நிறுத்தி வைத்தது அதன் சோத்துக் கை. அதன் விரலை எடுத்துவிட்டு, மிச்சம் இருந்த கையில் மையைத் தடவி, அதையே அக்காவுக்கு எதிராகத் தாளில் ஒற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

என் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "யாருக்கும் தெரியாமல்" என்ற இடத்தில் அக்கா என்னை நிறுத்தியது.

"இன்னாது, தெரியாமலா? பொட்டு வச்சமேடா அதுக்கு! பக்கத்துல தான பொரித் தட்ட புடிச்சிகினு இளிச்சிகினு நின்னாரு?"

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று போனில் அந்த போட்டோவைத் தேடி எடுத்தேன். விரலால் பெரிசாக்கினேன். மாலை, வாழைக்கன்று, அக்காவின் மெஷின். பட்டன் பெட்டியில் கறுப்பு ரப்பர், அதன் மேல் மூன்று கோடு சந்தனம், நடுவில் குங்குமம். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி மேனேஜரின் பட்டு வேட்டி, மேலே அவர் சிரிப்பு.

அன்று சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். சின்னவன் "அப்பா ஹோம்வொர்க் பண்றார்" என்றான். ரப்பரைக் கட்டியது நான். கட்டுவது மேனேஜருக்குத் தெரியும். அஞ்சு மெஷினிலும் கட்டியிருந்தது. அடிபட்ட பிறகு அறுத்தது அவர். இவ்வளவுதான் எழுதினேன். மூன்று பிரதி எடுத்தேன்.

திங்கட்கிழமை அதில் ஒன்றைக் கொடுத்தேன். அவர் படித்தார். முகம் மாறவில்லை, காது மட்டும் சிவந்தது.

"உங்களை நீங்களே மாட்டி விட்டுக்கறீங்க. புரியுதா?"

"புரியுது சார். நானும் உள்ள வரேன். நீங்களும் வாங்க." போட்டோவைக் காட்டினேன்.

"மிரட்டறீங்களா?"

"பூஜை போட்டோ சார். நீங்க நல்லா வந்திருக்கீங்க."

கத்தக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் மேஜை ஓரத்தில் நீல மைப் பெட்டி திறந்தபடியே கிடந்தது. அதைப் பார்த்த பிறகு என்ன பேசினேன் என்று எல்லாம் எழுத முடியாது, நீங்கள் படிக்கிற தாள் இது. ஷாப்பில் அஞ்சு மெஷினும் நின்று எல்லாரும் கேபினைப் பார்த்தார்கள் என்று அப்புறம் சொன்னார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். மூன்றாவதை வீட்டில் வைத்துக்கொண்டு, ரெண்டாவது பிரதியை அன்றைக்கே ஃபேக்டரிகளைச் சோதிக்கிற அரசாங்க ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கினேன். அங்கேயும் ஒரு ஜன்னல், அங்கேயும் ஒருவர் "சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க" என்றார். இந்தத் தடவை நான் "மெதுவா சாப்பிடுங்க" என்று சொல்லவில்லை. ஜன்னலை விட்டு நகரவும் இல்லை.

உங்களுக்குத் தெரிந்த மிச்சம்: நான் இப்போது திருமழிசையில் ஒரு சின்ன யூனிட்டில் இருக்கிறேன், தூரம் அதிகம், வீட்டுக்கு வர நேரமாகிறது. என்னையும் விசாரித்தார்கள். கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். இன்னும் முடியவில்லை. ஆனால் தப்பு தன்மேல்தான் என்று அக்காவிடம் வாங்கின அந்தக் கைநாட்டுத் தாள் ரத்தானது. புதுத் தாள் எழுதினார்கள், நடந்தது நடந்தபடி. அக்கா அதில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாம். இடது கையால் பேர் எழுத மூன்று வாரம் கேட்டது. வந்திருந்த அதிகாரி ஒத்துக்கொண்டார். கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு நானும் போயிருந்தேன். கோணல், ஒரு எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு சுழியை முடித்துவிட்டு, "இன்னா பாக்குற? ரிஜிஸ்டர் மூடிட்டாங்களா?" என்றது.

பெரியவளே, அந்தப் பேச்சின் கடைசியில் ஒன்று வருகிறது என்று சொன்னாய். ரொம்ப யோசிக்கிறதால்தான் மனுஷன் கோழையாகிறான், செய்ய வேண்டியதைச் செய்யாமல் நின்றுவிடுகிறான் என்று. இது ஒன்றில் நான் அவனோடு சண்டை போடுகிறேன். பதினோரு வருஷம் நான் யோசிக்காததால்தான் ரப்பர் கட்டினேன். யோசித்தது அந்த ரெண்டே நாள், சட்டைப் பையில் தாளோடு. பயந்து பயந்துதான் யோசித்தேன், ஆனாலும் அது என்னைக் கோழையாக்கவில்லை. உன் மிஸ்ஸிடம் இதைக் கேள். தப்பாக இருந்தால் எனக்கு வந்து சொல்.

நான் கசக்கின தாளை அன்றைக்கே எடுத்து வைத்திருந்தேன். இதை எழுதின நோட்டின் நடுவில் இருக்கிறது. அடுத்த வருஷம் போட்டி வரும். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல். கையை விரித்தே சொல். விளக்கு வைக்கிற நேரத்தில் ஹாலிலேயே சொன்னாலும் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அக்கா கையெழுத்துப் போட்ட அந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நீங்கள் மூன்று பேரும் வேளப்பன்சாவடியில் கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். வேலைக்குக் கொண்டுபோகும் என் பழைய பையை உதறினேன். அடியில் ரப்பர்ப் பட்டை ஏழு இருந்தது, ஒரே அளவு, ஒரே அகலம். சமையலறையில் மீன் வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வெட்டினேன், எந்தப் பட்டனையும் சுற்றி எட்டாத அளவுக்கு. ஏழாவதை வெட்டும்போது கத்தரிக்கோல் வழுக்கியது. ரெண்டு கையாலும் பிடித்து அமுக்கினேன்.